ஸ்மார்ட் ஹோம் சாதனங்களை இணைப்பது எப்படி: ரூட்டரில் தொடங்கி சுவிட்ச் போர்டு வரை

பிளக், பல்பு, சென்சார் எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆப்பில் மட்டும் சேரவே மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் பெட்டியைத் திருப்பி அனுப்பத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் சாதனத்தில் கோளாறு இருக்காது. ரூட்டர் அமைப்பிலோ போனில் கொடுக்காமல் விட்ட ஒரு அனுமதியிலோதான் சிக்கல் இருக்கும். அதனால் ரூட்டரை முதலில் சரிசெய்யுங்கள், பிறகு இணைப்பு, ஒயரிங். ஆட்டோமேஷனுக்குக் கடைசியில் வந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் போனாலும், போன் கையில் இல்லாவிட்டாலும், சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு விளக்குப் போட ஆப் தேவைப்பட்டால், அந்த அமைப்பு தோற்றுவிட்டது என்றே அர்த்தம். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது என்ற குழப்பங்களில் பாதி இந்த விதியாலேயே தீர்ந்துவிடும்.

உதாரணம், ஸ்மார்ட் பல்பா ஸ்மார்ட் சுவிட்சா என்ற கேள்வி. ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். யாராவது வழக்கம்போல சுவிட்சை அணைத்தால் பல்பு நெட்வொர்க்கிலிருந்தே காணாமல் போய்விடும். நிறம் மாற்ற வேண்டிய இடங்களிலும், சுவிட்சை யாரும் தொடாத மேசை விளக்குகளிலும் மட்டும் ஸ்மார்ட் பல்பு போதும். மற்ற எல்லா இடத்திலும் சாதா பல்பை அப்படியே விட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல், அதாவது ஆப் சொல்லும்போது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி, வைப்பதே நல்லது. இரண்டையும் ஒரே லைனில் மாட்டாதீர்கள். ரிலே மின்சாரத்தைத் துண்டிக்கும், பல்பு ஆஃப்லைன் ஆகும், எது பழுது என்றே தெரியாது.

ரூட்டரில் செய்ய வேண்டியவை

விலை குறைந்த வைஃபை பிளக், பல்பு, ரிலே எல்லாம் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. 5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. இன்றைய ரூட்டர்கள் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் காட்டும். போன் 5-இல் இருக்கும், பிளக் 2.4-இல் தேடும், இணைப்பு நடுவழியில் நிற்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். அந்த வசதி இல்லாத மெஷ் ரூட்டர் (வீடு முழுக்கப் பல பெட்டிகளால் வைஃபை பரப்புவது) என்றால், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள். சில மெஷ் ரூட்டர்களில் இதற்கென்றே ஐஓடி (ஸ்மார்ட் சாதனங்களுக்கான) நெட்வொர்க் என்று ஒரு தேர்வு இருக்கும்.

அடுத்து வைஃபையின் பாதுகாப்பு வகை. புதிய முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய சிப் கொண்ட சாதனங்கள் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிலையாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று விழாதவை. ‘ஆட்டோ’ என்று விட்டால் ரூட்டர் நினைத்தபோது சேனல் மாற்றும், சில மலிவான சாதனங்கள் அந்த நேரத்தில் பிடியை விட்டுவிடும். நெட்வொர்க் பெயரிலும் கடவுச்சொல்லிலும் எமோஜி, இடைவெளி, விநோதக் குறியீடுகள் வேண்டாம்.

ஏபி ஐசொலேஷன் என்றொரு தேர்வு இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால் வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. விருந்தினர் நெட்வொர்க்கில் இது தானாகவே இயங்குவது வழக்கம். பிளக் அங்கே இணைந்துவிடும், கிளவுட் வழியாக வேலையும் செய்யும். ஆனால் உங்கள் போன் அதை நேரடியாகத் தேடினால் கிடைக்காது.

இணைப்பு வலிமையை மாட்டப்போகும் இடத்திலேயே போனை வைத்து அளந்து பாருங்கள். வைஃபை அனலைசர் வகை ஆப்கள் அதை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாகக் காட்டும்; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலிமை அதிகம். மைனஸ் 65 நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் இன்று இணையும், நாளை துண்டிக்கும். சுவருக்குள் இரும்புப் பெட்டி இருந்தால் மாட்யூலுக்குக் கிடைப்பது அதைவிடவும் குறைவு.

வைஃபை சாதனத்தை இணைக்கும் முறை

துயா வகைச் சாதனங்களில், அதாவது ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேரும் நூற்றுக்கணக்கான பிராண்டுகளில், நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

1. சாதனத்தை ரூட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் வைத்து இணையுங்கள். நிரந்தர இடத்துக்கு மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம்.

2. போனை 2.4 நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணையுங்கள். புளூடூத், லொகேஷன் இரண்டும் இயங்கட்டும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி இல்லாமல் ஆப்பால் வைஃபையைத் தேட முடியாது. ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியைக் கேட்கும்போது மறுத்திருந்தால், செட்டிங்ஸில் போய்க் கொடுங்கள்.

3. சாதனத்துக்கு மின்சாரம் கொடுங்கள். சிறு விளக்கு வேகமாகத் துடிக்க வேண்டும். துடிக்கவில்லையென்றால் பட்டனை 5 முதல் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பட்டன் இல்லாத பல்பு என்றால், வரிசையாகப் பல முறை ஆன்–ஆஃப் செய்ய வேண்டும். எத்தனை முறை என்பது தாளில் இருக்கும்.

4. ஆப்பில் கூட்டல் குறியைத் தட்டி, நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். ஓர் எழுத்து பெரிதா சிறிதா என்பதில் தவறினாலும் ஆப் அதைச் சொல்லாது. ‘நேரம் கடந்துவிட்டது’ என்றுதான் காட்டும்.

5. அப்படியும் வரவில்லையென்றால் ஏபி முறை. பட்டனை மீண்டும் அழுத்திப் பிடித்தால் விளக்கு மெதுவாகத் துடிக்கும். இப்போது சாதனமே ஒரு வைஃபையை உருவாக்கியிருக்கும். போனை அதில் இணையுங்கள். ‘இதில் இன்டர்நெட் இல்லை, மாற்றட்டுமா’ என்று போன் கேட்கும். இதிலேயே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிறகு ஆப்புக்குத் திரும்பினால் மீதி தானாக நடக்கும்.

தோல்வி எங்கே நடந்தது என்பதை அந்தச் சிறு விளக்கே சொல்லிவிடும். துடித்துக்கொண்டே இருந்தால் ரூட்டர் பெயரோ கடவுச்சொல்லோ அதற்குப் போய்ச் சேரவில்லை, அல்லது தவறாகப் போயிருக்கிறது. துடிப்பு நின்ற பிறகும் ஆப் தோல்வி என்று காட்டினால், வைஃபையில் நுழைந்துவிட்டது, ஆனால் நிறுவனத்தின் சர்வரை எட்டவில்லை. விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் (இணைய முகவரிகளைத் தேடித் தரும் சேவை), ஃபயர்வால், ஆப் கணக்கில் தவறான நாடு ஆகியவற்றைப் பாருங்கள்.

இணைந்ததும் முதல் வேலை ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட். இரண்டாவது பெயர். ‘லைட் 1’, ‘லைட் 2’ என்று வைத்தால் குரல் கட்டளையில் திண்டாடுவீர்கள். அறையின் பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்து, வேறெதோடும் ஒலியில் குழம்பாத பெயராக இருக்கட்டும்.

சுவிட்ச் போர்டுக்குள்

ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்காகவாவது இதைப் படித்துவிடுங்கள்.

ரிலே மாட்யூல் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் தேவை. ஆனால் சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் ஒயர் உள்ளே வருவதும் பல்புக்குத் திரும்பிப் போவதும் மட்டுமே போதும் என்பதால், பல போர்டுகளில் நியூட்ரலே இருக்காது. அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நிம்மதி, பிளக்குக்கு நியூட்ரல் வந்தே ஆக வேண்டும்.

ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஃபேஸுக்கும் சந்தேக ஒயருக்கும் இடையில் அளந்தால் நியூட்ரல் 230 வோல்ட் காட்டும். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, எர்த் ஒயரும் அதே 230-ஐக் காட்டும். அதை நியூட்ரலாகப் பயன்படுத்துவது ஆபத்து, ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் விழவும் கூடும். மற்றொன்று, சுவிட்ச் அணைந்திருக்கும்போது பல்புக்குப் போகும் ஒயரும் பல்பின் வழியாக நியூட்ரலைத் தொட்டுக்கொண்டு 230 காட்டிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். உண்மையான நியூட்ரல் என்றால் மாறாது, போலி என்றால் சரிந்துவிடும்.

நியூட்ரலைப் பக்கத்துப் போர்டிலிருந்து கடன் வாங்கும் வழக்கமும் உண்டு. அந்தப் போர்டு வேறு ஆர்சிசிபியின் கீழ் இருந்தால், ஒன்றின் வழியாகப் போகும் மின்னோட்டம் மற்றொன்றின் வழியாகத் திரும்பும். இரண்டும் கசிவு என்று நினைத்து விழக்கூடும். ஃபேஸ் எந்த சர்க்கியூட்டோ நியூட்ரலும் அதே சர்க்கியூட்டாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது மெயினை அணைத்து, அணைந்ததை மீட்டரால் உறுதி செய்யுங்கள். ஒளிரும் டெஸ்டரை மட்டும் நம்பினால், அதன் உள்பல்பு பழுதான நாளில் ஏமாற்றிவிடும். எல் முனையில் ஃபேஸ், என் முனையில் நியூட்ரல், வெளியீட்டு முனையில் பல்புக்குப் போகும் ஒயர். எஸ்1, எஸ்2 என்று குறித்த முனைகள் பழைய சுவிட்சுக்கு. இங்கேதான் மாட்யூலுக்கு மாட்யூல் வேறுபாடு வரும். சிலவற்றில் எஸ்1, எஸ்2 இரண்டையும் சுவிட்சின் இரு முனைகளில் மட்டும் மாட்ட வேண்டும், அதில் ஃபேஸ் பட்டால் மாட்யூல் அந்த நொடியே காலி. வேறு சிலவற்றில் சுவிட்ச் வழியாக ஃபேஸைத்தான் கொடுக்க வேண்டும். உடன் வரும் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஒயர் முனையை மாட்யூல் கேட்கும் அளவுக்கு, பொதுவாக 6, 7 மில்லிமீட்டர், உரித்து இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனைதான் நாளடைவில் சூடேறிக் கருகும்.

மாட்டி முடித்த பின் சுவிட்சை இரண்டு முறை தட்டினால்தான் விளக்கு மாறுகிறதா? ஆப்பில் சுவிட்ச் வகை காலிங் பெல் பட்டன் என்று இருக்கும். சாதாரண சுவிட்ச் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

நியூட்ரலே இல்லாத இடத்துக்கென்று தனி மாட்யூல்கள் இருக்கின்றன. அவை பல்பின் வழியாகவே சிறிதளவு மின்னோட்டத்தைக் கசியவிட்டு உயிர்வாழும். குறைந்த வாட் எல்இடி பல்பு என்றால் அந்தக் கசிவே போதும், அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும் அல்லது விட்டு விட்டு மின்னும். உடன் தரும் சிறு கெப்பாசிட்டரைப் பல்பு இருக்கும் இடத்தில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மாட்டினால் நிற்கும்.

சுமைக் கணக்கில் கறாராக இருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். காகிதத்தில் 10-க்குள் அடங்கினாலும், மணிக்கணக்கில் ஓடினால் மலிவான பிளக் உருகும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுப்பதால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஆப் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாருக்கு நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) வைத்து, அதன் காயிலை மட்டும் ரிலேயால் இயக்குங்கள். சீலிங் ஃபேனின் வேகத்துக்கு விளக்கு டிம்மரைப் போடாதீர்கள், ஃபேன் முனகும், சூடேறும். ஃபேனுக்கென்று இருக்கும் கன்ட்ரோலரை வாங்குங்கள்.

ஜிக்பீயும் த்ரெட்டும்

சாதனங்கள் 25, 30 என்று பெருகும்போது எளிய ரூட்டர்கள் திணறத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சென்சார்களுக்கு வைஃபை ஒத்தே வராது, மின்சாரத்தைக் குடித்துவிடும். கதவு சென்சார், அசைவு சென்சார், பட்டன் எல்லாவற்றுக்கும் ஜிக்பீ அல்லது த்ரெட் எடுங்கள். இரண்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறைகள். ஜிக்பீக்கு ஒரு ஹப், அதாவது சாதனங்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி, வேண்டும். த்ரெட்டுக்கு அதே வேலையைச் செய்யும் பார்டர் ரூட்டர் வேண்டும். ஹோம்பாட் மினி, இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப், நான்காம் தலைமுறை எக்கோ ஆகியவற்றுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த இசட்-வேவ் வாங்குவதானால் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு என்பதை மறக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சென்சார் உள்ளூர் ஹப்போடு பேசாமல் போகலாம்.

ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4-இல் ஓடுபவை. வைஃபை சேனல் 1-இல் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25-இல் வையுங்கள். வைஃபை 11 என்றால் ஜிக்பீ 11 அல்லது 15. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு இடங்கள், குழம்ப வேண்டாம். 26-ஐத் தவிருங்கள், சில சாதனங்கள் அதில் சரியாக வேலை செய்யாது. இதையெல்லாம் முதல் நாளே தீர்மானியுங்கள். பின்னால் சேனலை மாற்றினால் சாதனங்களை மறுபடி இணைக்க நேரலாம்.

நேரடி மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக், மாட்யூல் பெரும்பாலும் தகவலை அடுத்தவருக்குக் கடத்தும். பேட்டரி சாதனங்கள் கடத்தாது. எனவே முதலில் பிளக்குகளை ஹப்பிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு அறையாக வைத்து இணையுங்கள், அதன் பிறகே சென்சார்கள். சென்சாரை அது இருக்கப்போகும் இடத்திலேயே இணைப்பது நல்லது. சில சென்சார்கள் முதலில் பிடித்த பாதையை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வைஃபைக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு.

ஹோம் அசிஸ்டண்ட் (சொந்தக் கணினியில் ஓடும் ஸ்மார்ட் ஹோம் மென்பொருள்) வைத்து யுஎஸ்பி ஜிக்பீ குச்சி பயன்படுத்துவோர், அதைக் கணினியில் நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். எல்லாச் சென்சாரும் அடிக்கடி மறைகின்றன என்ற புகாருக்கு இந்த ஒரு ஒயரே தீர்வாவதுண்டு. ஹோம் அசிஸ்டண்டை மெமரி கார்டில் ஓட்டுவதைவிட எஸ்எஸ்டியில் ஓட்டுவது நீடிக்கும். பேக்கப்பின் ஒரு நகல் வேறு கருவியில் இருக்கட்டும்.

மேட்டர் சாதனங்கள்

2022-இல் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரம், ஒரே சாதனத்தை அலெக்சா, கூகுள் ஹோம், ஆப்பிள் ஹோம் எல்லாவற்றிலும் சேர்க்க வழிசெய்கிறது. சாதனத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடும் அதன் கீழ் உள்ள 11 இலக்க எண்ணும்தான் சாவி. சுவருக்குள் போகும் மாட்யூல் என்றால் மாட்டும் முன்பே அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். இல்லையென்றால் ரீசெட் செய்யும் நாளில் போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஆப்பில் சேர்க்கும்போது அதே ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் பொதுவாக நடக்காது. முதல் ஆப்பில் அந்தச் சாதனத்தின் அமைப்பில் இணைப்பு முறையை இயக்கினால் சில நிமிடங்கள் மட்டும் செல்லும் புதிய எண் வரும். அதைத்தான் இரண்டாவது ஆப்பில் கொடுக்க வேண்டும். ரூட்டரில் ஐபிவி6 (புதிய வகை நெட்வொர்க் முகவரி முறை) அணைந்திருந்தாலோ, மல்டிகாஸ்ட் (ஒரே தகவலைப் பல சாதனங்களுக்கு அனுப்புவது) தடுக்கப்பட்டிருந்தாலோ, மேட்டர் இணையாமல் போகலாம். இணைந்தாலும் ‘பதில் இல்லை’ என்று காட்டிக்கொண்டிருக்கலாம்.

சென்சார் வைக்கும் இடமும் ஆட்டோமேஷனும்

பிஐஆர் அசைவு சென்சார் உடலின் வெப்பம் இடம் மாறுவதைப் பார்க்கிறது. நேராக அதை நோக்கி நடப்பவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதில் பிடிக்கும். எனவே கதவுக்கு எதிர்ச்சுவரைவிடப் பக்கச்சுவரில், 2 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் வையுங்கள். வெயில் விழும் ஜன்னலையும் ஏசி காற்றையும் பார்க்காதபடி திருப்புங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதற்கு எதுவும் தெரியாது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவரையும் தெரியாது. அங்கே சிறு அசைவையும் ரேடியோ அலையால் உணரும் எம்எம்வேவ் ரேடார் சென்சார்தான். அது ஓடும் ஃபேனையும் ஆடும் திரையையும் மனிதர் என்று நினைக்கும் என்பதால், உணர்திறனைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும்.

ஆட்டோமேஷனில் தூண்டுதல், நிபந்தனை, செயல் என மூன்று பகுதி. ‘அசைவு தெரிந்தால் விளக்கைப் போடு’ என்று எழுதியதும் முடிந்ததாக நினைக்கிறோம். எப்போது அணைப்பது, பகலிலும் எரிய வேண்டுமா, கையால் போட்டவர் விளக்கையும் அணைத்துவிடலாமா என்ற மூன்றுக்கும் விடை வேண்டும். படிக்கட்டுக்கு: அசைவு தெரிந்து, வெளிச்சம் குறைவாகவும் இருந்தால் விளக்கைப் போடு, 3 நிமிடம் தொடர்ந்து அசைவு இல்லையென்றால் அணை. அசைவு தெரிந்த நேரத்திலிருந்து 3 நிமிடம் எண்ணினால், நடுவில் ஆள் இருக்கும்போதே இருட்டாகும். அசைவு நின்ற நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஒரே விளக்கை இரண்டு ஆப்களிலிருந்து ஆட்டோமேட் செய்யாதீர்கள். ஒன்று போடும், மற்றொன்று அணைக்கும், காரணம் தெரியாது. ஆட்டோமேஷன் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மற்ற ஆப்கள் குரலுக்கு மட்டும்.

கரண்ட் போய் வந்தால்

பல சாதனங்களில் ‘மின்சாரம் திரும்பியதும் எந்த நிலை’ என்ற அமைப்பு இருக்கும். விளக்குகளுக்குக் கடைசி நிலை, ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் கட்டாயம் ஆஃப். சுவிட்ச் அப்படியே ஆனில் இருக்கும் ஸ்மார்ட் பல்பு இந்த அமைப்பு இல்லாமல் நடுராத்திரியில் முழு வெளிச்சத்தில் எரியும். ரூட்டரையும் ஹப்பையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் வைத்தால் கரண்ட் வந்ததும் எல்லாம் உடனே இணையும். இல்லையென்றால் ரூட்டர் எழுந்திருக்கும் முன்பே பிளக்குகள் தேடிக் களைத்து, சில தேடுவதையே நிறுத்திவிடும்.

ரூட்டரை மாற்றும் நாளில் புதிய ரூட்டருக்கும் பழைய நெட்வொர்க் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்து மாறாமல் கொடுங்கள். எல்லாச் சாதனமும் எதுவும் நடக்காதது போல இணைந்துகொள்ளும். இது தெரியாமல் முப்பது பல்பையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்பவர்கள் உண்டு.

ஆப் கணக்குகளுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு, ரூட்டரில் யுபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ளும் வசதி) அணைப்பு, கேமராக்களுக்குத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவது, இந்த மூன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பழைய சாதனத்தை யாருக்காவது கொடுக்கும்போது பட்டனை அழுத்தி ரீசெட் செய்வது போதாது. ஆப்பிலிருந்தும் நீக்குங்கள். பல பிராண்டுகளில் சாதனம் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும், நீக்காத வரை அடுத்தவரால் சேர்க்கவே முடியாது.